தீவில் இரண்டு சம்பந்திகள்

இந்தத் தொடரில் இந்த வாரம் நான் எழுதவிருக்கும் நிகழ்ச்சிகள் தொடங்கியபோது, நான் நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். தமிழில் பட்டம் பெற்றவன். ஒரு தமிழ் அமைப்புக்குத் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவன். சாட்சிக் கூண்டில் நின்றவரின் சொல்லை நான் ஆங்கிலத்தில் தந்தபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எவரும் எழுந்து அதைத் திருத்தியதில்லை.

இவற்றை முதலிலேயே கூறிவிடுவதற்குக் காரணம் உண்டு. கடைத்தொகுதி ஒன்றின் அடித்தளத்தில், திரைச்சீலை தொங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள், நெகிழித் துப்பாக்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை இனி விவரிக்க வேண்டியுள்ளது. அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னார் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

சனிக்கிழமை பிற்பகல். வெளியே நல்ல மழை. எதிரிலிருந்த திரையில் ஒரு கடற்கரை, தென்னை மரங்கள், விழுந்து நொறுங்கிய விமானத்தின் வால். மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரு நண்டு எழுந்தது. லாரி அளவு இருக்கும். நாங்கள் உட்கார்ந்திருந்த இருக்கை அதிர்ந்தது.

“சம்பந்தி, நண்டு வருது. நீங்க சுடுங்க” என்றார் என் பக்கத்தில் இருந்தவர்.

“இல்லை, நீங்கள் முதலில்” என்றேன்.

“அட, நீங்க சுடுங்க லா” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய அந்த ‘லா’வோடு.

நண்டு எங்கள் இருவரையும் கொன்றது.

ஒரே ஒரு நாற்காலி

பக்கத்தில் இருந்தவர் தனபாலன். என் மகள் மாலதியின் மாமனார். நெடுங்காலம் காப்பீட்டு முகவராக இருந்தவர். எவரோடும் எந்நேரமும் பேசக்கூடியவர். மனைவியை இழந்தபின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் தனியாக வசித்தார். என் மனைவியும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் இருந்த ஒற்றுமை அது மட்டும்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மாலதியும் அவருடைய மகன் பிரகாஷும் பிரிவது என்று முடிவு செய்து, மாலதி ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சட்டப்படி எல்லாம் முடிவதற்கு முன் இருவரும் ஓர் ஆலோசகரைச் சந்தித்து வந்தார்கள். அவருடைய அலுவலகம் அந்தக் கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. சனிக்கிழமைதோறும் சந்திப்பு.

“நீங்க வர வேணாம்ப்பா” என்றாள் மாலதி. நான் போனேன். இத்தகைய இடத்துக்குப் பெண்ணைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் செய்தித்தாள் படிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. தனபாலனும் மகனுடன் வந்திருந்தார். “நான் சும்மா, காருக்குத் துணைக்கு வந்தேன்” என்றார்.

காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

சம்பந்திகள் இருவருக்கு நடுவில் ஒரு நாற்காலி என்பது எளிய காரியமன்று. அவர் மாப்பிள்ளையின் தகப்பனார். அவர் நிற்க நான் உட்காரக் கூடாது. நான் அவரைவிட மூத்தவன். நான் நிற்க அவர் உட்காரக் கூடாது. “உக்காருங்க சம்பந்தி.” “பரவாயில்லை, நீங்கள் உட்காருங்கள்.” “ஐயோ, நல்லாருக்காது.” குரல் எழுந்தது. பிள்ளைகள் தங்கள் மணவாழ்வை முடித்துக்கொள்வது பற்றி உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே நாங்கள் அதே மணவாழ்வு தந்த மரியாதைக்காக வழக்காடிக்கொண்டிருந்தோம்.

வரவேற்பு மேசையில் இருந்த தமிழ்ப் பெண் எழுந்து வந்தாள். “அங்கிள், கொஞ்சம் கீழ போய் வெயிட் பண்றீங்களா? உள்ள கேக்குது.”

கீழே காப்பிக் கடைகள் நிரம்பி வழிந்தன. விளையாட்டுக்கூடம் ஒன்றைக் கடந்தபோது தனபாலன் நின்றார். “இந்தப் பெட்டிக்குள்ள பெஞ்சு இருக்கு சம்பந்தி. என் கால் மரத்துப்போச்சு. ஒரு அஞ்சு நிமிஷம்.” திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். கூடத்தின் பணியாளர் எட்டிப் பார்த்து, விளையாடுவோர் மட்டுமே உட்காரலாம் என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கூறினார். தனபாலன் அந்த இடத்திலேயே விளையாடுவதற்கான ஓர் அட்டையை வாங்கிவிட்டார்.

நான் தேசிய சேவையில் துப்பாக்கி பிடித்தவன். நண்டைச் சுட்டதில்லை.

முதலையின் வாய்

அந்த விளையாட்டு இருவருக்கானது. விமான விபத்தில் தப்பிய இருவர் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். வெப்பமண்டலத் தீவு, அதன் மரங்களும் கொடிகளும் இங்கே நீர்த்தேக்கத்தின் ஓரம் நாம் காண்பவைதாம். அவற்றின் பின்னாலிருந்து சிலந்திகள், பாம்புகள், மனிதரை விழுங்கும் செடிகள் வருகின்றன. பெரிய விலங்கு ஒன்று வாயைத் திறக்கும்போது அதற்குள் இரண்டு சிவப்பு வட்டங்கள் தோன்றும். இருவரும் ஆளுக்கொரு வட்டத்தை ஒரே நேரத்தில் சுட வேண்டும். ஒருவர் மட்டும் சுட்டால் பயனில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் நாங்கள் அங்கேயே காத்திருந்தோம்; இந்த விதி எங்களைப் பல வாரங்கள் கொன்றது. பெரிய வட்டத்தை அவருக்கு விட்டு நான் காத்திருப்பேன். அவரும் அதையே எனக்காக விட்டுக் காத்திருப்பார். முதலை காத்திருக்காது.

மதிப்பெண்ணிலும் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இருவரின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் தோன்றும். பெண் வீட்டார் எண் மேலே நிற்பது முறையாகாது என்று எண்ணி, கடைசிச் சில சிலந்திகளை நான் விட்டுவிடுவேன். தனபாலன் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“சம்பந்தி, எனக்கு வேணும்னே விட்டுக் குடுக்குறீங்க.”

“இல்லையே.”

“சிலந்தி உங்க மூக்கு மேல உக்காந்திருக்கு. சுடாம வணக்கம் சொல்லிட்டு இருக்கீங்க.”

அன்று நான் சிரித்தேன். மாலதி பெட்டியுடன் வீட்டுக்கு வந்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

திரைச்சீலைக்குள் இருட்டு. இருவர் கண்ணும் திரையில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. வெடிச்சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. கல்யாணத்துக்குப் பின் எந்த விருந்திலும் பேசாதவற்றை நாங்கள் அங்கே பேசினோம். “என் பையன் கோவக்காரன் இல்ல. ஆனா பேசவே மாட்டான். அது அதவிட மோசம்” என்றார் ஒரு முறை, செடியைச் சுட்டுக்கொண்டே. “என் மகள் பதில் வராத இடத்தில் இரண்டாம் முறை கேட்க மாட்டாள்” என்றேன். “ஆமா” என்றார். அதற்குமேல் அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

சொல் ஒன்று

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுகூர வேண்டும்.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பில் நின்றவரைக் காட்டி, “இவர் எனக்குச் சம்பந்தி” என்றார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் கிடையாது. “என் மகனுடைய மனைவியின் தந்தை” என்று நீட்டித் தந்தேன். பிறகு அவர், “சம்பந்தியா இருந்தாரு. இப்ப பிள்ளைங்க பிரிஞ்சிட்டாங்க” என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். “அப்படியானால் இப்போது இவர் அவருக்கு யார்?”

அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டேன். முதியவர் வெகுநேரம் யோசித்து, “தெரியலீங்க” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

தமிழில் முறைப்பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடையான சொல்லை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. அன்று அது மொழி பற்றிய ஐயமாக மட்டுமே இருந்தது.

சீலைக்கு வெளியே தெரிந்தது

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தின் சதுப்புநிலக் கட்டத்தில் இருந்தோம். இருக்கை பலமாக அதிர்ந்தபோது தனபாலனின் செருப்பு ஒன்று கழன்று என் பக்கம் வந்தது. அவர் கவனிக்கவில்லை. அதை நகர்த்திக் கொடுக்கக் குனிந்தேன். திரையின் வெளிச்சத்தில் செருப்பின் உட்பக்கம் ஈரமாகத் தெரிந்தது. கையில் ஒட்டியது.

கைப்பேசி விளக்கை ஏற்றிப் பார்த்தேன். ஒரு சிறு ஆணி செருப்பின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ தெரியாது. அவருக்கு நீரிழிவு என்பது தெரியும். பாதத்தில் உணர்வே போய்விட்டது என்பது எனக்குத் தெரியாது.

நான் மண்டியிட்டேன். உள்ளே இடம் போதாததால் என் முதுகும் கால்களும் சீலையை விலக்கிக்கொண்டு வெளியே இருந்தன. அவருடைய பாதத்தை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலின் அடியில் புண். நாற்றம் இருந்தது.

“சம்பந்தி, என்ன பண்றீங்க, எழுந்திரிங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க.”

“வலிக்கவில்லையா?”

“என்ன வலி?”

சொன்னேன். அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. கண்ணையும் திரையிலிருந்து எடுக்கவில்லை. சற்று நேரம் இருவருக்குமாகச் சேர்த்து அவரே சுட்டுக்கொண்டிருந்தார்.

“பையன்கிட்ட சொல்லாதீங்க” என்றார். “மாலதிகிட்டயும் வேணாம்.”

“ஏன்?”

“சொன்னா என்ன ஆகும்? இவன் என் கூட வந்து இருக்கணும்னு நெனப்பான். மருமவ நல்லவ, அவளும் பாவம் பாப்பா. ரெண்டு பேரும் எல்லாத்தையும் நிறுத்திட்டு என் காலுக்காகக் குடும்பம் நடத்துவாங்க. அது வேணாம் சம்பந்தி. அவங்களா சேந்தா சேரட்டும். இந்தக் கால வச்சு சேக்க வேணாம்.”

பிள்ளைகளைச் சேர்த்துவைக்க ஒரு தகப்பனுக்கு அதைவிட எளிய வழி கிடைத்திராது. நானும் அந்த வழியை அந்த நொடியில் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கூறியது சரி. திங்கட்கிழமையே பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டுவதானால் வாய் திறக்க மாட்டேன் என்றேன். போவதாகச் சொன்னார். அடுத்த வாரம் கேட்டபோது, போய் வந்ததாகவும் தாதி கட்டுப் போட்டதாகவும் சொன்னார். சப்பாத்து அணிந்து வந்திருந்ததால் நான் கட்டைப் பார்க்கவில்லை. நம்பினேன்.

தேக்காவில் ஆறுதல்

அதற்குப் பின் ஒரு நாள் காலை தேக்கா உணவங்காடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். எங்கள் அமைப்பின் பொருளாளர் மீன் வாங்கிய பையுடன் வந்து எதிரில் அமர்ந்தார். என் கையைத் தொட்டார். அவர் அப்படித் தொடுபவர் அல்லர்.

“சார், மனசு கேக்கல. சொல்லிடறேன். பெத்த மனசு சார். பொண்ணு வாழ்க்கைக்காக ஒருத்தர் கால்ல விழுறதுல ஒரு கேவலமும் இல்ல.”

“யார் காலில் யார் விழுந்தது?”

“நானே பாத்தேன் சார், அந்த கேம்ஸ் கடையில. நீங்க மண்டி போட்டு அவரு கால ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தீங்க. அவரு கொஞ்சமாச்சும் குனிஞ்சு தூக்குனாரா? துப்பாக்கிய வச்சுச் சுட்டுக்கிட்டே இருக்காரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வீட்ல சொன்னேன். அவங்களும் அழுதாங்க.”

“வீட்டில் மட்டும்தான் சொன்னீர்களா?”

அவர் மீன் பையின் முடிச்சைச் சரிசெய்யத் தொடங்கினார்.

என் வாழ்நாளில் என்னைப் பற்றிப் பொய் பரவியது அதுவே முதல் முறை. அதை அழிக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் தனபாலனின் கால் இருந்தது. “நீங்கள் பார்த்ததற்கு அது பொருளன்று” என்று மட்டும் கூறி எழுந்தேன். நான் வெட்கப்படுவதாக அவர் புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மாலதியின் கேள்வி

வாட்ஸ்அப் வழியாக அது என் மகளையும் எட்டியது. வேலையிலிருந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“மாமா கால்ல விழுந்தீங்களா?”

“இல்ல.”

“மண்டி போட்டீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“அத என்னால சொல்ல முடியாது மாலதி.”

“கோர்ட்டுல எத்தன பேரு இப்படி சொல்லிருப்பாங்க, நீங்க இங்கிலீஷ்ல சொல்லிருப்பீங்க. ஒருத்தரையாவது நம்புனீங்களா?”

“நம்புறது என் வேலை இல்ல. சொன்னத சொல்றதுதான் என் வேலை.”

அவள் கத்தவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை. “அப்பா, நான் வெளிய வந்தது என் முடிவு. யாரும் என்னைத் துரத்தல. நீங்க போய்க் கெஞ்சினா, துரத்திவிட்ட மாதிரி ஆயிடுது. நான் ஒருத்தரோட காலடியில திருப்பி வைக்க வேண்டிய பொருளா?”

அவள் தாய் இருந்திருந்தால் எனக்காக ஏதேனும் சொல்லியிருப்பாள். நான் மறுபடியும் இல்லை என்று மட்டும் கூறினேன். “இனிமே சனிக்கிழமை என் கூட வராதீங்க” என்று சொல்லி அறைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் சோறு மேசைமேல் இருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. காலையில் அவள் போகும்போது கதவு சாத்தும் ஓசை கேட்கும். போய்வருகிறேன் என்ற சொல் கேட்காது. ஊரார் எண்ணுவதை என்னால் தாங்க முடிந்தது. அவள் என்னைப் பாராமல் மின்தூக்கிக்குப் போவதைத் தாங்கிக்கொள்வது கடினமாக இருந்தது.

அழைக்காமல் வந்தவர்

அந்தச் சனிக்கிழமை தனபாலன் மேல்மாடியில் மாலதியிடம், “அப்பா எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். “உங்க கால்ல விழ அவரு இனிமே வர மாட்டாரு மாமா” என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலை அழைப்புமணி ஒலித்தது. தனபாலன் வாசலில் நின்றார். கையில் வாழைப்பழச் சீப்பு. குவீன்ஸ்டவுனிலிருந்து ரயிலில் தனியாக வந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் அழைக்காமல் பெண் வீட்டுப் படியேறுவதை எங்கள் இரு குடும்பத்திலும் எவரும் கண்டதில்லை.

“வாங்க சம்பந்தி” என்று, சப்பாத்தைக் கழற்ற வசதியாக வாசலருகே நாற்காலியை இழுத்தேன். இம்முறை அவர் மறுக்காமல் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு மாலதி அறைக் கதவருகே வந்து நின்றாள்.

அவர் குனிந்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறை கழல மறுத்தது. மெல்ல உரித்தார். பாதத்தைக் காலை வெளிச்சத்தில் நீட்டினார். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

“இதத்தாம்மா உங்கப்பா குனிஞ்சு பாத்தாரு. சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு வாயே திறக்கலன்னு நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது.”

மாலதி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“டாக்டர்கிட்ட போனீங்களா மாமா?”

“போனேன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன்.”

“போனீங்களா?”

“இல்லம்மா.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

மாலதி உள்ளே போய்க் கைப்பையுடன் வந்தாள். “எழுந்திரிங்க மாமா. டாக்சி கூப்பிட்டுட்டேன்.”

“பிரகாஷுக்கு...”

“நான்தான் சொல்லப் போறேன், டாக்சியில போகும்போதே. அவரு அப்பா கால், அவருக்குத் தெரியணும்.” அவர் ஏதோ சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டவள்போல் தொடர்ந்தாள். “பயப்படாதீங்க. காலுக்காகல்லாம் என் முடிவு மாறாது. அதுக்காக உங்கள இப்படியே விட்டுருவேன்னு நெனச்சீங்களா?”

கதவருகே அவள் திரும்பினாள். “அப்பா, நீங்க வரல? சட்டைய மாத்திட்டு வாங்க.”

வார்டில்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. பிரகாஷ் சில மாதங்கள் தகப்பனாருடன் வந்து தங்கினார். மாலதி மருத்துவமனைக்குப் பலமுறை போனாள். ஆலோசகரிடம் கடைசிச் சந்திப்புக்கும் போனாள். விவாகரத்து முறைப்படி முடிந்தது. அதில் யாரும் யாரையும் குறை கூறவில்லை.

அவள் அவரை இன்றும் மாமா என்றே அழைக்கிறாள். நம் மொழியில் அந்தச் சொல் அகலமானது. மாமனாருக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். எனக்கு அந்த வசதி இல்லை. பின்னொரு முறை அவர் வார்டில் சேர்ந்திருந்தபோது கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒரு மாலை, எப்படி விளிப்பது என்று தெரியாமல் இருமுறை தொண்டையைச் செருமினேன்.

“என்ன சம்பந்தி, இருமல் மருந்து வேணுமா?”

“தனபாலன், பிள்ளைகளுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. இனி அந்தச் சொல்...”

“பேப்பர்ல கையெழுத்து போட்டது அவங்க ரெண்டு பேரும் லா” என்றார் அவர். “நீங்க போட்டீங்களா? நான் போட்டேனா?”

சட்டப்படி அதற்கு மறுமொழி இருக்கிறது. நான் அதைக் கூறவில்லை. “இல்லை, சம்பந்தி” என்றேன்.

இந்த அத்தியாயத்தைத் தனபாலனும் மாலதியும் படித்துவிட்டார்கள். பெயரைப் போடலாம் என்று இருவரும் இசைந்தார்கள். இன்றும் வெளியில் உலவும் இரண்டு செய்திகளைத் திருத்துவது மட்டும் மீதம்.

நாங்கள் இருவரும் கடைசிக் கட்டம்வரை வென்று அந்தத் தீவிலிருந்து தப்பிவிட்டதாகத் தனபாலன் தம் நண்பர்களிடம் சொல்லி வருகிறார். அது சரியன்று. சதுப்புநிலத்தைத் தாண்டியதே இல்லை.

என் மகளின் வாழ்வுக்காக நான் சம்பந்தியின் காலில் விழுந்ததாக எங்கள் அமைப்பைச் சேர்ந்த சிலர் இன்றும் இரக்கத்தோடு பேசுகிறார்கள். அதுவும் சரியன்று. மண்டியிட்டேன், காலைக் கையில் எடுத்தேன், புண்ணைப் பார்த்தேன். என் மகளுக்காக நான் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவள் என்னை வைக்கவும் இல்லை.